ரிசப்ஷனில் இருப்பவர் ரிப்போர்ட்டைப் பார்த்து "நார்மல்" என்று சொல்லலாமா?

பிப்ரவரி 3, இரவு 9.40

நேராகக் கேள்விக்கு வருகிறேன். அம்மாவுக்கு வயது 68. பிரஷருக்கு ராமிப்ரில் சாப்பிடுகிறார், கூடவே ஸ்பைரோனோலாக்டோன். போன வாரம் ரத்தப் பரிசோதனை செய்தோம். இன்று சாயங்காலம் கிளினிக்குக்குப் போன் போட்டேன். ரிசப்ஷனில் இருக்கும் பெண் எடுத்தார். தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"எல்லாம் நார்மல்தாங்க. பொட்டாசியம் மட்டும் லேசா கூட இருக்கு. அது சத்துதானே, இருந்தா நல்லதுதான். அடுத்த மாசம் செக்கப்புக்கு வரும்போது பார்த்துக்கலாம்."

எவ்வளவு என்று கேட்டேன். 6.1 என்றார். டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டதற்கு, "டாக்டர் பிஸி, நான் பார்த்துட்டேன்" என்று பதில்.

அம்மா சாப்பிடும் இரண்டு மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலேயே அது அச்சாகியிருக்கிறது. வழக்கமான அளவு சுமார் 3.5 முதல் 5 வரை. 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். பல பேருக்கு அதற்கு முன் எந்த அறிகுறியும் தெரியாது. அம்மா டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார், நன்றாகத்தான் இருக்கிறார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

"நான் பார்த்துட்டேன்" என்று சொல்ல அவருக்கு என்ன அதிகாரம்? இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

பிப்ரவரி 3, இரவு 10.05

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவசரப் பிரிவுக்குக் கிளம்புகிறோம்.

பிப்ரவரி 4, காலை 7.20

வீட்டுக்கு வந்துவிட்டோம். போனதும் இ.சி.ஜி. எடுத்தார்கள், கோளாறு எதுவும் தெரியவில்லை. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்ததில் 4.6.

ஆமாம், 4.6. நார்மல்.

அங்கிருந்த டாக்டர் காரணம் சொன்னார். ரத்தச் சிவப்பணுக்களுக்குள் பொட்டாசியம் மிக அதிகம். ரத்தம் எடுக்கும்போதோ குழாயைக் குலுக்கும்போதோ அணுக்கள் உடைந்தால் உள்ளே இருப்பது வெளியே கொட்டி, எண் பொய்யாக ஏறிவிடும். கையை இறுக்கி இறுக்கித் திறந்தாலும் கொஞ்சம் ஏறுமாம். முதல் சாம்பிள் அப்படிக் கெட்டுப்போனதாக இருக்கலாம் என்றார்.

ஆக, ராத்திரி முழுக்க நாங்கள் விழித்திருந்தது வீண். அந்தப் பெண் சொன்னதுதான் சரியாகிவிட்டது. கொஞ்சம் தூங்கிவிட்டு வந்து எழுதுகிறேன்.

பிப்ரவரி 4, மாலை 6.30

தூங்கி எழுந்தும் கோபம் போகவில்லை. அது ஏன் என்று யோசித்தேன்.

அவர் சொன்னது பலித்தது, அவ்வளவுதான். சாம்பிள் கெட்டிருக்கலாம் என்று நினைத்து அவர் அப்படிச் சொல்லவில்லை. சத்து, நல்லது என்று நினைத்துச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு சாலையைக் கடந்தவன் அடிபடவில்லை என்பதற்காக அவன் கடந்த விதம் சரியாகிவிடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 6.1 உண்மையா பொய்யா என்று கண்டுபிடிக்க ஒரே வழி உடனே மறுபடி பார்ப்பது. அதைச் செய்யச் சொல்வது டாக்டரின் வேலை. அந்தத் தாள் டாக்டரின் மேசைக்குப் போகவே இல்லை. தப்பாகச் சொன்னதைவிட, போக வேண்டிய இடத்துக்கு விஷயம் போகாமல் நின்றதுதான் எனக்கு உறுத்துகிறது.

பிப்ரவரி 6

"ரிப்போர்ட்டில் ஸ்டார் போட்ட எல்லாவற்றுக்கும் பயந்தால் வாழ முடியுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்தான். இதில் அந்தப் பெண்ணின் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும்.

ரிப்போர்ட்டில் போடும் "நார்மல் அளவு" பெரும்பாலும் எப்படி வருகிறது தெரியுமா? ஆரோக்கியமானவர்களைச் சோதித்து, நடுவில் இருக்கும் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியென்றால் நோயே இல்லாத 100 பேரில் 5 பேருக்கு எண் வெளியே விழும். ஒருவருக்கே 20 பரிசோதனை செய்தால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்று வைத்துக்கொண்டால், ஒன்றாவது வெளியே விழ ஏறக்குறைய 64 சதவீத வாய்ப்பு. தினமும் நூறு ரிப்போர்ட் பார்க்கிறவருக்கு ஸ்டார் என்பது தாளின் மூலையில் இருக்கும் பூ மாதிரிதான். "லேசா கூட" என்பது அவர் வாயில் தானாக வந்திருக்கும். நூற்றில் தொண்ணூறு தடவைக்கு மேல் அது சரியாகவும் இருந்திருக்கும்.

சிக்கலும் அங்கேதான். எந்த ஸ்டார் பூ, எந்த ஸ்டார் பாம்பு என்று பிரிப்பதற்குத்தான் அத்தனை வருஷம் படிக்கிறார்கள்.

பிப்ரவரி 6, சற்று கழித்து

"நூற்றில் தொண்ணூறு" என்றது என் வாய்க்கு வந்த எண். கணக்கெடுத்தது இல்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்லிவிட்டு நானும் அதையே செய்கிறேன்.

பிப்ரவரி 9

என் கதை ஒன்று. இது வேறு கிளினிக், நாலு வருஷத்துக்கு முன்னால்.

டாக்டரைப் பார்க்கும் முன் உதவியாளர் ஒருவர் பிரஷர் பார்த்தார். படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். உயரமான கட்டிலில் உட்கார வைத்தார், கால் இரண்டும் தொங்குகின்றன, முதுகுக்குச் சாய்மானம் இல்லை. முழுக்கைச் சட்டையின் மேலேயே பட்டையைச் சுற்றினார். பட்டை சின்னது, ஒட்டும் பகுதி பாதிதான் ஒட்டியது. பொத்தானை அழுத்திவிட்டு, "எங்க வேலை பார்க்கறீங்க, தினமும் எவ்வளவு தூரம் போகணும்?" என்று பேச்சுக் கொடுத்தார். நானும் விலாவாரியாகப் பதில் சொன்னேன்.

164 வந்தது. "கூடுதலா இருக்கு. காலையில போடற மாத்திரையை ராத்திரியும் ஒண்ணு சேர்த்துக்குங்க. டாக்டர் எப்படியும் அதைத்தான் சொல்வார்."

ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைக்க வேண்டும். கால் தரையில் பதிய வேண்டும், முதுகு சாய வேண்டும், கை இதய உயரத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும். பட்டை வெறும் தோலின் மேல் சுற்ற வேண்டும், அளவும் சரியாக இருக்க வேண்டும், சின்னப் பட்டை எண்ணைக் கூட்டிக் காட்டும். முக்கியமாக, இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரே தடவையில் இவ்வளவையும் தவறவிட்டது ஒரு சாதனைதான். அப்புறம் வீட்டில் ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தால் 138.

மாத்திரையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்த்திருந்தால் விடியற்காலை பாத்ரூமுக்கு எழுந்தபோது தலைசுற்றி விழுந்திருப்பேனோ என்னவோ.

"டாக்டர் எப்படியும் அதைத்தான் சொல்வார்" என்ற அந்த வரியைக் கவனியுங்கள். பத்து வருஷம் ஒருவர் பக்கத்தில் நின்றால் அவர் என்ன சொல்வார் என்பது மனப்பாடம் ஆகிவிடும். எதனால் சொல்கிறார் என்பது மனப்பாடம் ஆகாது.

பிப்ரவரி 10

வெள்ளைக் கோட்டு போட்ட உதவியாளரை எல்லோரும் "டாக்டர்" என்று கூப்பிடுவதைப் பற்றி ஒருவர் எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன். எனக்கும் நடந்திருக்கிறது, தலைகீழாக. அம்மாவின் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளைச் சட்டையில் வராந்தாவில் நின்றபோது, ஒரு பெரியவர் வந்து "டாக்டர், இந்த ஊசிக்கு அப்புறம் குளிக்கலாமா?" என்று கேட்டார். "நான் டாக்டர் இல்லைங்க" என்று சொல்ல ஒரு நொடி ஆயிற்று. அந்த ஒரு நொடி சுகமாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தினமும் நாற்பது பேர் அப்படிக் கூப்பிட்டால், நாற்பது தடவையும் திருத்துவது கஷ்டம்தான். ஆனாலும் திருத்த வேண்டும்.

பிப்ரவரி 13

இதுவரை எழுதியதெல்லாம் ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கிறது. மாமா விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன்.

மாமாவுக்குச் சர்க்கரை. ஒருநாள் மேல்வயிற்றில் எரிச்சல், கேஸ் என்று அவரே முடிவு செய்துவிட்டார். நான்தான் கூட்டிப் போனேன். எங்களுக்கு முன்னால் பதினோரு பேர். ரிசப்ஷனில் நடுத்தர வயதுப் பெண்மணி, பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். வயது கேட்க நிமிர்ந்து மாமாவின் முகத்தைப் பார்த்தவர் எழுதுவதை நிறுத்தினார். நெற்றியெல்லாம் வேர்வை. ஃபேன் ஓடுகிறது, மற்றவர்கள் யாருக்கும் வேர்க்கவில்லை.

"தாடை வலிக்குதா?" என்று கேட்டார். மாமா, "பல்லு கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். பேனாவை மூடக்கூட இல்லை. எழுந்துபோய், கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்தார். அடுத்த சில நிமிடங்களில் மாமாவின் நெஞ்சில் இ.சி.ஜி. ஒயர்கள் இருந்தன. மாரடைப்பு.

சர்க்கரை உள்ளவர்கள், வயதானவர்கள், பெண்கள் இவர்களுக்கு எல்லாம் மாரடைப்பு நெஞ்சுவலியாகவே வரும் என்று சொல்ல முடியாது. இப்படிப்பட்ட சந்தேகம் வந்தால், நோயாளி உள்ளே வந்து 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டி நெறி. அந்தப் பெண்மணிக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. வேர்வை தெரிந்தது.

அவரும் தன் எல்லையைத் தாண்டினார்தானே? வரிசையை மாற்றினார், தட்டாமல் கதவைத் திறந்தார். அவரைக் கும்பிடத் தோன்றுகிறது. போன்காரப் பெண்ணைத் திட்டத் தோன்றுகிறது. என்ன வித்தியாசம்? இரண்டு நாளாக இதுதான் மண்டைக்குள் ஓடுகிறது.

பிப்ரவரி 15

கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். ஏற்றலாம், இறக்கக் கூடாது.

"இது அவசரமாக இருக்குமோ" என்று ரிசப்ஷனில் இருப்பவரோ உதவியாளரோ யார் வேண்டுமானாலும் ஒரு விஷயத்தை டாக்டரிடம் தள்ளலாம். தப்பாக இருந்தால் டாக்டருக்கு இரண்டு நிமிடம் நஷ்டம். "இது ஒன்றுமில்லை" என்று நிறுத்தி வைக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. தப்பாக இருந்தால் நஷ்டம் வேறு ஒருவருக்கு, அதுவும் இரண்டு நிமிடம் அல்ல.

பிப்ரவரி 16

"அப்படி எல்லோரும் எல்லாவற்றையும் ஏற்றினால் டாக்டர் மூழ்கிவிடுவார், அதற்குத்தானே ஆளே வைத்திருக்கிறார்" என்று பதில் வந்திருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். வடிகட்டத்தான் வேண்டும். யார் செய்த வடிகட்டி என்பதுதான் கேள்வி.

1990களில் மான்செஸ்டரில் அவசரப் பிரிவுகளுக்காக ஒரு முறை உருவாக்கினார்கள், பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. ஐந்து நிறங்கள். சிவப்பு என்றால் உடனே, ஆரஞ்சு 10 நிமிடம், மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240. பயிற்சி பெற்ற நர்ஸ்தான் பிரிக்கிறார், டாக்டர் இல்லை. ஆனால் தோன்றியபடி பிரிப்பதில்லை. வந்தவரின் குறை என்னவோ அதற்கென்று ஒரு கேள்வி வரிசை உண்டு. மேலிருந்து கீழே கேட்டுக்கொண்டே வர வேண்டும். ஆபத்தான கேள்விகள் முதலில். எந்தக் கேள்விக்கு "ஆமாம்" வருகிறதோ அங்கே நிற்க வேண்டும். அந்த வரிசை எழுத்தில் இருப்பதால், தப்பு நடந்தால் எங்கே நடந்தது என்று பார்க்க முடியும்.

"நான் பார்த்துட்டேன்" என்பதில் அப்படி எதுவும் பார்க்க முடியாது.

பிப்ரவரி 17

இதோடு சேர்த்து ஒன்று. முன்பெல்லாம் ரிசப்ஷனில் "என்ன பிரச்சினை?" என்று கேட்டால் எனக்குச் சுருக்கென்று இருக்கும், உனக்கெதற்கு என்று. இப்போது தோன்றுகிறது, கேட்பது தப்பில்லை, மாமாவிடம் கேட்டதும் அந்த மாதிரிதான். ஆனால் இருபது பேர் காதில் விழும்படி "மூலமா? எத்தனை நாளா?" என்று கத்தக் கூடாது. ஒரு துண்டுத் தாள் போதும்.

பிப்ரவரி 21

என் சட்டம் ஆறு நாள்கூடத் தாங்கவில்லை.

நண்பர் ஒருவர் மூட்டுவாதத்துக்கு ரொம்ப காலமாக பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். மாத்திரை தீர்ந்துவிட்டது. "டாக்டரைப் பார்க்காமல் சீட்டு கிடையாது, அடுத்த அப்பாயின்ட்மென்ட் பதினோரு நாள் கழித்து" என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். விதி சரியான விதிதான். அந்த ஊழியர் எதையும் இறக்கவில்லை, டாக்டரைப் பார் என்றுதான் சொன்னார். என் கணக்குப்படி அவர்மேல் தப்பே இல்லை.

ஆனால் ஸ்டீராய்டை நாள்பட்டுச் சாப்பிடுகிறவர் திடீரென்று நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து வருகிறதே என்று உடம்பில் அதைச் சுரக்கும் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்து வரலாம். வலிப்பு மாத்திரையும் அப்படித்தான். இதய நோயாளி சாப்பிடும் பீட்டா பிளாக்கரையும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

மருந்து கொடுப்பது மருத்துவ முடிவு என்றால் மறுப்பதும் மருத்துவ முடிவுதான். கவுன்ட்டரில் இருப்பவருக்கு அது அலுவலக விதி மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான். "எந்த மாத்திரை?" என்று ஒரு கேள்வி கேட்டு, பதிலை உள்ளே சொல்லியிருந்தால் போதும். நண்பர் கடைசியில் வேறு டாக்டரிடம் போய் வாங்கிவிட்டார்.

ஆகவே திருத்தம்: இல்லை என்று சொல்வதும் இறக்குவதில் சேரும்.

மார்ச் 2

அம்மாவின் செக்கப் நாள் வந்தது. டாக்டரிடமே கேட்டுவிட வேண்டும் என்று போனேன். ஒத்திகையெல்லாம் பார்த்து வைத்திருந்தேன்.

டாக்டர் முழுதும் கேட்டார். முகம் சுண்டியது. "நான்தாங்க சொல்லி வச்சேன், சின்னச் சின்ன விஷயத்தை நீங்களே பார்த்துக்குங்கன்னு."

எது சின்ன விஷயம் என்று சொல்லியிருந்தீர்களா என்று கேட்டேன்.

பதில் இல்லை. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். அப்புறம், "இல்லை" என்றார்.

என் ஒரு மாதக் கோபம் தப்பான நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறது. அந்தப் பெண் அதிகாரத்தைத் திருடவில்லை. யாரோ அதை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார், எடுத்துக்கொண்டார். எடுக்காமல் இருந்திருந்தால் "இதுக்கெல்லாமா என்னைக் கேட்பே" என்று திட்டு விழுந்திருக்கும். பிப்ரவரி 3 அன்று எழுதியதை மாற்றலாமா என்று பார்த்தேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 2, இரவு

இன்னொன்று மறந்துவிட்டேன், இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்ததும் அம்மா என் காதில், "அந்தப் பொண்ணைத் திட்டாதே, நல்ல பொண்ணு. உப்பைக் குறைக்கணும்னா சாதா உப்புக்குப் பதிலா சோடியம் கம்மியா இருக்கிற உப்பு வாங்கிக்கச் சொன்னதே அவதான்" என்றார்.

எப்போது? ஜனவரியில். டப்பாவில் பாதி காலி.

அந்த உப்பில் சோடியத்தைக் குறைத்துவிட்டு அதற்குப் பதில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. உலகச் சுகாதார நிறுவனமே 2025 ஜனவரியில் பொதுவாகப் பெரியவர்களுக்கு இந்த உப்பைப் பயன்படுத்தலாம் என்று வழிகாட்டி வெளியிட்டது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், பொட்டாசியம் உடம்பிலிருந்து சரியாக வெளியேறாத நிலையில் இருப்பவர்களுக்கும் அது பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். அம்மா சாப்பிடும் இரண்டு மாத்திரைகளும் செய்வது அந்த வேலையைத்தான், பொட்டாசியத்தை வெளியேற விடாமல் பிடித்து வைப்பது.

அந்தப் பெண் நல்ல அறிவுரைதான் சொன்னார். ஆயிரம் பேருக்கு நல்லது. எதிரில் உட்கார்ந்திருந்தவருக்கு ஆகாது. மறுபடி உள்ளே போய் டாக்டரிடம் சொன்னேன். உடனே நிறுத்தச் சொன்னார், இன்னொரு ரத்தப் பரிசோதனை எழுதினார். 4.9. தப்பித்தோம்.

6.1 முழுக்கவும் பொய் எண்தானா என்று இப்போது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதைக் கண்டுபிடிக்க இனி வழியில்லை.

மார்ச் 3

"இவ்வளவுக்கும் பிறகு அம்மா ஏன் அந்தப் பெண்ணை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்?" என்ற கேள்விக்கு: அவர் அம்மாவிடம் பேசுகிறார். டாக்டருக்கு ஒரு நோயாளிக்கு ஆறு நிமிடம், அதில் நாலு நிமிடம் கம்ப்யூட்டரைப் பார்க்கிறார். அந்தப் பெண் தூக்கம் வருகிறதா என்று கேட்கிறார். அம்மாவின் முழங்கால் வலி எந்தக் கால் என்று அவருக்குத் தெரியும். எனக்கே சில சமயம் மாறிப்போகும்.

மார்ச் 19

சின்னச் செய்தி. கிளினிக் ரிசப்ஷனில், நோயாளிகளுக்குத் தெரியாதபடி உள்பக்கமாக ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். எட்டிப் பார்த்தேன். எந்தெந்தப் பரிசோதனையில் எந்த எண்ணைத் தாண்டினால் உடனே உள்ளே சொல்ல வேண்டும் என்று கையால் எழுதி, கீழே டாக்டரின் கையெழுத்து. பொட்டாசியம் முதல் வரி, சிவப்பு மையில். பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை என்று சொன்னால் பொய்.

மாத்திரை தீர்ந்தவர்களுக்கு அதில் எதுவும் இல்லை. அடுத்த தடவை கேட்க வேண்டும்.

ஏப்ரல் 8

அம்மா எனக்குச் சொல்லாமலே நேற்று கிளினிக்குக்குப் போன் செய்திருக்கிறார். முழங்கால் வலிக்கு இபுபுரோஃபென் ஒன்று போட்டுக்கலாமா என்று கேட்க. டாக்டரைக் கேட்கவில்லை, அந்தப் பெண்ணைத்தான். இந்த வலி மாத்திரையை அம்மாவின் மற்ற இரண்டோடு சேர்த்தால் சிறுநீரகத்துக்கும் கேடு, பொட்டாசியமும் ஏறும்.

என்ன சொன்னார் என்று பதறிக் கேட்டேன்.

"கேட்டுச் சொல்றேன்மா, அதுவரைக்கும் போடாதீங்கன்னா. சாயங்காலம் கூப்பிடறேன்னா, கூப்பிடவே இல்லை. இன்னைக்குக் காலையிலதான் கூப்பிட்டா. டாக்டர் வேண்டாம்னுட்டாராம், வேற மாத்திரை எழுதியிருக்காராம்." அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "முன்னெல்லாம் அவளே டக்குன்னு சொல்லிடுவா" என்றார்.